வெள்ளை போர்டா, மஞ்சள் போர்டா? சொகுசும் சுமையும் சேர்ந்த பிக்கப் வாங்குவோர் முன் நிற்கும் கேள்வி

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் கிப்ஸ்லேண்ட் பகுதியைச் சேர்ந்த ஒரு விவசாயியின் மனைவி, 1930-களின் தொடக்கத்தில் ஃபோர்டு நிறுவனத்துக்கு ஒரு கடிதம் எழுதியதாகச் சொல்லப்படுவதுண்டு. ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்துக்கு மழையில் நனையாமல் போகவும், திங்கட்கிழமை பன்றிகளைச் சந்தைக்கு ஏற்றிச் செல்லவும் ஒரே வண்டி வேண்டும் என்பது அவரது கோரிக்கை. இரண்டு வண்டி வாங்கப் பணமில்லை. அந்நிறுவனத்தின் இளம் வடிவமைப்பாளர் லூயிஸ் பேண்ட், முன்பாதி காராகவும் பின்பாதி சரக்குத் தளமாகவும் அமைந்த ஒரு வாகனத்தை வரைந்தார். 1934-இல் ஜீலாங் ஆலையில் இருந்து அது வெளிவந்தது. ஆஸ்திரேலியர்கள் இன்று ‘யூட்’ என்று செல்லமாக அழைக்கும் வண்டியின் பிறப்புக் கதை இது.

தொண்ணூறு ஆண்டுகளுக்குப் பிறகு அதே கோரிக்கையை இந்தியாவின் நடுத்தர, உயர் நடுத்தரக் குடும்பங்கள் பலவும் முன்வைக்கின்றன. குடகில் காப்பித் தோட்டம் வைத்திருப்பவர், பஞ்சாபில் வயலும் நகரத்தில் வீடும் உடையவர், இமாசலத்தில் ஆப்பிள் தோட்டத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஒரே நாளில் போய்வர வேண்டியவர், சிறு கட்டுமான ஒப்பந்ததாரர் என யாராக இருந்தாலும் தேவை ஒன்றுதான். உள்ளே எஸ்யூவியின் குளிர்சாதனமும் ஐந்து இருக்கைகளும் வேண்டும். பின்னால் மூட்டையோ உரமோ குழாயோ ஏற்ற இடம் வேண்டும்.

சந்தையில் இதற்கு விடை இல்லாமல் இல்லை. ஆனால் அந்த விடையை ஏற்றுக்கொள்வதற்கு முன் வாங்குபவர் கவனிக்க வேண்டியது எஞ்சின் திறனையோ திரையின் அகலத்தையோ அல்ல, ஆர்.சி. புத்தகத்தையும் காப்பீட்டுப் பத்திரத்தையும். ஷோரூமில் இவற்றைப் பற்றிப் பெரும்பாலும் யாரும் பேசுவதில்லை.

பிக்கப்பில் இருந்து பிறந்த எஸ்யூவி

இந்தியாவில் இந்த இரு வகை வாகனங்களுக்கும் உள்ள உறவு பழையது. டாடா நிறுவனம் 1988-இல் ‘டாடா மொபைல் 206’ என்ற பிக்கப்பைக் கொண்டுவந்தது. அதே அடிச்சட்டத்தின் மீதுதான் 1991-இல் சியரா எழுந்தது. அதாவது, இன்றும் பலர் ஏக்கத்தோடு நினைவுகூரும் அந்த மூன்று கதவு வண்டி, அடிப்படையில் ஒரு சரக்கு வாகனத்தின் பிள்ளை. (2025 நவம்பரில் அதே பெயரில் மீண்டும் வந்த சியராவுக்கும் பிக்கப்புக்கும் எந்தத் தொடர்பும் இல்லை.) பின்னர் டாடாவின் ஜெனான், மஹிந்திராவின் ஸ்கார்பியோ கெட்அவே ஆகியவை ‘வாழ்க்கைமுறை பிக்கப்’ என்ற அடைமொழியோடு வந்தன. இரண்டுமே இந்தியச் சாலைகளில் நிலைக்கவில்லை. ஆனால் கெட்அவேயின் உடன்பிறப்பான மஹிந்திரா பிக்-அப், தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் தனக்கென ஒரு வாடிக்கையாளர் கூட்டத்தைப் பிடித்தது. தென்னாப்பிரிக்காவின் டர்பனில் அதற்கென ஒரு பொருத்தும் ஆலையே 2018-இல் தொடங்கப்பட்டது. இந்தியாவில் உருவான வண்டி வெளிநாட்டில் வாழ்ந்தது. உள்நாட்டில் காணாமல் போனது.

இந்த வெற்றிடத்தில் 2016-இல் நுழைந்ததுதான் இசுசு டி-மேக்ஸ் வி-கிராஸ். சென்னையில் இருந்து சிறிது தொலைவில், ஆந்திர எல்லைக்குள் இருக்கும் ஸ்ரீசிட்டி ஆலையில் தயாரிக்கப்பட்ட இவ்வாகனம் அறிமுகமானபோது சென்னை எக்ஸ்-ஷோரூம் விலை ரூ.12.49 லட்சம். அந்த விலைக்கு நான்கு சக்கர இயக்கம், ஐந்து இருக்கை, கண்ணை நிறைக்கும் உருவம் என்பது அன்று பெரிய ஈர்ப்பாக இருந்தது. ஆனால் மாசு விதிகளும் புதிய எஞ்சினும் தானியங்கி கியரும் வசதிகளும் ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர, பத்தாண்டுகளுக்குள் அதன் உயர்ரக வகையின் விலை ரூ.30 லட்சத்தைத் தொட்டுவிட்டது. தற்போதைய 1.9 லிட்டர் டீசல் எஞ்சின் 163 பி.எஸ். திறனும் 360 நியூட்டன் மீட்டர் இழுவிசையும் தருகிறது.

டொயோட்டாவின் ஹைலக்ஸ் 2022-இல் வந்தது. தொடக்க விலை ரூ.33.99 லட்சம், அடுத்த ஆண்டே அடிப்படை வகையின் விலையை நிறுவனம் கணிசமாகக் குறைக்க நேர்ந்தது. இன்னோவா கிரிஸ்டாவும் ஃபார்ச்சூனரும் நிற்கும் அதே அடித்தளக் குடும்பத்தைச் சேர்ந்தது ஹைலக்ஸ். 2.8 லிட்டர் டீசல் எஞ்சின், 204 பி.எஸ். திறன், தானியங்கி வகையில் 500 நியூட்டன் மீட்டர் இழுவிசை. உயரமான பனிப் பகுதிகளில் சோதித்த பிறகு இந்திய ராணுவத்தின் வடக்குக் கட்டளைப் பிரிவு 2023-இல் இவ்வாகனங்களைப் பெற்றுக்கொண்டது. உழைப்பில் குறை சொல்ல முடியாத வண்டி என்பதற்கு அதற்குமேல் சான்று தேவையில்லை.

ஆனால் ராணுவத்தின் தேவை வேறு. குடும்பத்தின் தேவை வேறு.

பட்டை சொல்லும் செய்தி

பிக்கப்பின் சொகுசு பற்றிய விளம்பரங்களில் பெரும்பாலும் காட்டப்படாத பகுதி, பின் சக்கரத்தின் மேலே இருக்கிறது. ஃபார்ச்சூனர், ஸ்கார்பியோ-என் போன்ற எஸ்யூவிகளில் பின்புறம் சுருள் ஸ்பிரிங் இருக்கும். வி-கிராஸிலும் ஹைலக்ஸிலும் லாரிகளில் காணும் அதே பட்டைகள்தாம். சுமையைத் தாங்குவதற்கு அவை ஈடிணையற்றவை. ஆனால் சுமையில்லாதபோது அவை வளைந்து கொடுப்பதில்லை. வேகத்தடையிலும் குழியிலும் வண்டியின் பின்பகுதி துள்ளும். அத்துள்ளலை முதலில் உணர்பவர் ஓட்டுபவர் அல்லர். பின் இருக்கையில் அமர்ந்திருக்கும் வயதான பெற்றோரே. இருநூறு கிலோ எடையைப் பின்னால் ஏற்றினால் அதே வண்டி பதவிசாகப் போகும். குடும்பத்தோடு போகும்போது துள்ளி, சரக்கோடு போகும்போது மிதக்கும் என்பது இவ்வகை வாகனங்களின் இயல்பு. இதைக் குறையாகக் கொள்வதைவிட, எதற்காக உருவாக்கப்பட்டதோ அதற்கேற்ப அது நடந்துகொள்கிறது என்று புரிந்துகொள்வதே சரி.

பின் இருக்கையின் சாய்மானமும் கவனிக்கத்தக்கது. அதற்குப் பின்னாலேயே கேபினின் சுவர் வந்துவிடுவதால், பெரும்பாலான இரட்டைக் கேபின் பிக்கப்களில் முதுகுப் பகுதி சற்று நிமிர்ந்தே இருக்கும். சென்னையில் இருந்து பெங்களூரு போவதற்கு அது போதும். கன்னியாகுமரி போவதற்குப் போதுமா என்பதை வாங்குவதற்கு முன் அமர்ந்து பார்த்தே முடிவு செய்ய வேண்டும். சோதனை ஓட்டத்துக்குச் செல்பவர்கள் ஓட்டுநர் இருக்கையை மட்டும் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வீட்டின் மூத்தவரைப் பின்னால் அமர்த்தி, ஒரு மோசமான சாலையில் அரைமணி நேரம் போய்வந்தால், ஆயிரம் விமர்சனக் காணொளிகள் சொல்லாததை அது சொல்லிவிடும்.

நீளமும் ஒரு பிரச்சினை. வி-கிராஸ் 5,295 மில்லிமீட்டர். ஹைலக்ஸ் 5,325 மில்லிமீட்டர். நமது அடுக்குமாடிக் குடியிருப்புகளில் ஒரு காருக்கு ஒதுக்கப்படும் இடம் பொதுவாக 2.5 மீட்டர் அகலம், 5 மீட்டர் நீளம். வண்டியின் மூக்கோ வாலோ வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அண்டை வீட்டாருடன் சண்டை வரும். நகரத்தில் வாழ்பவர்களுக்கு இது சிறிய செய்தியன்று.

பின்தளம் திறந்தது என்பதையும் மறந்துவிடக் கூடாது. மழையில் பயணப் பெட்டிகள் நனையும். சிற்றுண்டிக்கு நிறுத்தும் இடத்தில் காவல் இருக்க வேண்டும். மூடி போட்டுக்கொள்ளலாம் என்பார்கள். போட்டுக்கொள்ளலாம்தான். ஆனால் வாகனத்தின் மூல அமைப்பை மாற்றுவதை மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு கட்டுப்படுத்துகிறது. தயாரிப்பாளரின் மூல விவரக்குறிப்புக்கு முரணான மாற்றங்கள் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் உறுதிசெய்தது. நிறுவனமே அங்கீகரித்துத் தரும் மூடியைப் பொருத்துவது ஒன்று. வெளிச் சந்தையில் உயரமான கூண்டு ஒன்றைச் செய்து வெல்டிங் வைத்துக்கொள்வது வேறொன்று. முன்பக்க இரும்புத் தடுப்புகளுக்கு எதிராக மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியிருக்கிறது. ஆயினும் இவ்வகை வண்டிகளில்தான் அவை அதிகம் தென்படுகின்றன என்பது வேடிக்கை.

சட்டம் அறியாத இடைநிலை

இனி முக்கியமான பகுதி. இந்தியச் சட்டம் வாகனத்தைப் பயணிகளுக்கானது என்றோ சரக்குக்கானது என்றோ பிரித்துப் பார்க்கிறது. இரண்டும் கலந்தது என்று ஒரு வகை அதற்குத் தெரியாது.

வி-கிராஸும் ஹைலக்ஸும் தனிநபர் பயன்பாட்டு வாகனங்களாக, வெள்ளை போர்டுடன் பதிவாகின்றன. அதனால் பல நன்மைகள். பதினைந்து ஆண்டுகளுக்குப் பதிவு, இடையில் எஃப்.சி. காட்ட வேண்டியதில்லை. சரக்கு வாகனங்களுக்கான மணிக்கு 80 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி இல்லை. 2025 ஆகஸ்ட் 15 முதல் அமலுக்கு வந்த, ரூ.3,000 கட்டணத்தில் 200 சுங்கச்சாவடிக் கடப்புகளை அனுமதிக்கும் ஃபாஸ்டேக் ஆண்டு அட்டை, வணிகப் பயன்பாடு அல்லாத கார், ஜீப், வேன்களுக்கு மட்டுமே உரியது. மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்திலும் பெரும் வேறுபாடு உண்டு. 2022 ஜூனில் நடைமுறைக்கு வந்த விகிதப்படி 1,500 சிசிக்கு மேற்பட்ட தனியார் காருக்கு ஆண்டுக்கு ரூ.7,897, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வாகனத்துக்கு ரூ.16,049.

இதுவரை எல்லாம் வெள்ளை போர்டுக்குச் சாதகமாகவே இருக்கிறது. ஆனால் தனியார் கார் காப்பீட்டுப் பத்திரத்தில் ‘பயன்பாட்டு வரம்பு’ என்று ஒரு பத்தி இருக்கும். சிறிய எழுத்துகளில் அச்சிடப்பட்டிருக்கும். வாடகைக்கோ கூலிக்கோ ஓட்டுவதையும், மாதிரிப் பொருள்கள் அல்லது சொந்தப் பயணப் பொருள்கள் தவிர்த்த சரக்குகளை ஏற்றிச் செல்வதையும் அது விலக்குகிறது. சரக்குத் தளத்தோடு விற்கப்படும் வண்டிக்கு, சரக்கு ஏற்றாதே என்று சொல்லும் காப்பீடு!

மோட்டார் வாகனச் சட்டமும் இதற்கு இசைவாகவே இருக்கிறது. அதன் 2(14)-ஆம் பிரிவு, சரக்கு ஏற்றுவதற்கென்றே உருவாக்கப்பட்ட வாகனத்தை மட்டும் ‘சரக்கு வாகனம்’ என்று கூறவில்லை. அவ்வாறு உருவாக்கப்படாத வாகனமும் சரக்கு ஏற்றப் பயன்படும்போது சரக்கு வாகனமே என்கிறது. வார இறுதியில் மிதிவண்டியும் கூடாரமும் ஏற்றிச் செல்பவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. தன் தோட்டத்துத் தக்காளிக் கூடைகளை வாரம் மூன்று முறை மண்டிக்கு ஏற்றிச் செல்பவரின் நிலை அப்படிப்பட்டதன்று. சோதனைச் சாவடியில் அபராதம் என்றால் கட்டிவிட்டுப் போய்விடலாம். விபத்து நேர்ந்தால்தான் சிக்கல். பின்னால் முப்பது கூடை தக்காளி இருந்தது என்று ஆய்வாளரின் அறிக்கையில் எழுதப்பட்டால், சேதத்துக்கான இழப்பீட்டை நிறுவனம் மறுக்க அந்த ஒரு வரி காரணமாகலாம். பாதிக்கப்பட்ட மூன்றாம் நபருக்குக் காப்பீட்டு நிறுவனம் பணத்தைக் கொடுத்துவிட்டு, பின்னர் உரிமையாளரிடம் இருந்து அதை வசூலிக்கும்படி நீதிமன்றங்கள் உத்தரவிடும் வழக்கமும் நம் நாட்டில் உண்டு. முப்பது லட்ச ரூபாய் வண்டியின் சொந்தக்காரருக்கு அந்த வசூல், வண்டியின் விலையையே மிஞ்சக்கூடும்.

எனவே சொந்தத் தொழிலுக்குத் தவறாமல் சரக்கு ஏற்றப்போகிறவர், மஞ்சள் போர்டைக் கௌரவக் குறைவாகக் கருதாமல் அதையே தேர்ந்தெடுப்பது நல்லது என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. மஹிந்திரா பொலேரோ கேம்பர், டாடா யோதாவின் இரட்டைக் கேபின் வகை, இசுசுவின் எஸ்-கேப் ஆகியவை அதற்கென்றே இருக்கின்றன. கேம்பரும் எஸ்-கேபும் சுமார் ஒரு டன் வரை ஏற்றும். ஓட்டுநருடன் ஐவர் அமரலாம். விலையோ வி-கிராஸ், ஹைலக்ஸைவிட வெகுவாகக் குறைவு. எஸ்யூவியின் சொகுசு கிடைக்காது, உண்மை. ஆனால் சட்டத்தின் முன் அவ்வண்டி, தான் செய்யும் வேலைக்கே பதிவாகியிருக்கும்.

மஞ்சள் போர்டு பற்றிய அச்சங்கள் சிலவும் முன்னளவு இல்லை. மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வாகனத்துக்குப் பெர்மிட் தேவையில்லை என்று சட்டத்தின் 66-ஆம் பிரிவே விலக்களிக்கிறது. தனி ஓட்டுநர் உரிமம் வேண்டுமே என்ற கவலையை, 2024 நவம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு தீர்த்துவைத்தது. இலகுரக வாகன உரிமம் உள்ளவர்கள், 7,500 கிலோவுக்கு உட்பட்ட போக்குவரத்து வாகனங்களையும் தனி ஒப்புதல் இன்றி ஓட்டலாம் என்பது அத்தீர்ப்பு. எஃப்.சி. மட்டும் தப்பாது: வண்டிக்கு எட்டு ஆண்டுகள் ஆகும்வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் காட்ட வேண்டும்.

வரியின் இரு முகங்கள்

ஜிஎஸ்டியைப் பொறுத்தவரை, 2025 செப்டம்பர் 22-ஆம் தேதி பெரும் மாற்றம் நிகழ்ந்தது. அதற்கு முன் நான்கு மீட்டருக்கு மேல் நீளமும், 1,500 சிசிக்கு மேல் எஞ்சினும், 170 மில்லிமீட்டருக்குக் குறையாத தரை இடைவெளியும் உடைய எஸ்யூவிக்கு 28 சதவீத வரியும் 22 சதவீத இழப்பீட்டு மேல்வரியுமாக மொத்தம் 50 சதவீதம் விதிக்கப்பட்டது. இப்போது மேல்வரி நீங்கி 40 சதவீதம். சரக்கு வாகனங்களுக்கு 28-இல் இருந்து 18 ஆகக் குறைந்துள்ளது. ஆக, பயணிகள் வாகனம் என்ற தலைப்பின் கீழ் வருவதற்கும் சரக்கு வாகனம் என்ற தலைப்பின் கீழ் வருவதற்கும் இடையே 22 சதவீதப் புள்ளிகள் வேறுபாடு. வாங்குபவர் பில்லில் உள்ள எச்.எஸ்.என். குறியீட்டைப் பார்க்க வேண்டும். 8703 என்று தொடங்கினால் பயணிகள் வாகனம். 8704 என்றால் சரக்கு வாகனம்.

தொழில் செய்பவர்களுக்கு இதில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. பதின்மூன்று பேர் வரை அமரக்கூடிய பயணிகள் வாகனத்துக்குக் கட்டிய ஜிஎஸ்டியை உள்ளீட்டு வரி வரவாகப் பெற, சில விதிவிலக்குகள் தவிர, சட்டத்தின் 17(5)-ஆம் பிரிவு தடை விதிக்கிறது. சரக்கு வாகனத்துக்கு அத்தடை பொருந்தாது. ரூ.10 லட்சம் அடிப்படை விலையுள்ள இரட்டைக் கேபின் சரக்கு வண்டிக்கு 18 சதவீதம் என்றால் ரூ.1.80 லட்சம், ஜிஎஸ்டி பதிவு பெற்ற வணிகர், வரிக்குட்பட்ட தொழிலுக்கு அதைப் பயன்படுத்தினால், அத்தொகையைத் தன் வரிப்பொறுப்பில் கழித்துக்கொள்ள வாய்ப்பிருக்கிறது. எஸ்யூவி வாங்கி அதைத் தொழில் செலவு என்று காட்டும் பழக்கமுடையவர்கள், தங்கள் கணக்காளரிடம் இந்த ஒரு கேள்வியைக் கேட்பது பயன் தரும்.

வரி எவ்வாறு சந்தையை வடிவமைக்கிறது என்பதற்கு வெளிநாடுகளில் சான்றுகள் உண்டு. தாய்லாந்தில் கார்களைவிடப் பிக்கப்களுக்கு உற்பத்தி வரி குறைவாக இருந்ததால், அந்நாடு ஒரு டன் பிக்கப்களின் உலக மையமாகவே வளர்ந்தது. ஹைலக்ஸும் டி-மேக்ஸும் அங்கே குடும்ப வாகனங்கள். ஆஸ்திரேலியாவில் 2016 முதல் 2022 வரை நாட்டிலேயே அதிகம் விற்ற வாகனம் ஹைலக்ஸ். 2023-இல் அதைப் பின்னுக்குத் தள்ளியது ஃபோர்டு ரேஞ்சர், அதுவும் பிக்கப்தான். அங்கே சலுகை ஊட்டி வளர்த்த வண்டி, இங்கே சட்டத்தின் இரு நாற்காலிகளுக்கு நடுவே அமர இடமின்றி நிற்கிறது.

எடையை யார் கணக்கிடுவது?

பின்தளம் பெரிதாக இருப்பதால் எவ்வளவும் ஏற்றலாம் என்ற எண்ணம் பரவலாக உள்ளது. தனியார் பதிவு பிக்கப்பைப் பொறுத்தவரை இது பெருந்தவறு. ஆர்.சி.யில் இரண்டு எண்கள் இருக்கும்: காலி எடை, சுமையுடன் கூடிய மொத்த எடை. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் வண்டி தாங்க அனுமதிக்கப்பட்ட எடை. அதில் பயணிகளின் எடையும் அடங்கும். வித்தியாசம் 700 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சராசரி 70 கிலோ எடையில் ஐவர் அமர்ந்தால் 350 கிலோ போய்விட்டது. மிச்சம் 350 கிலோ. அதாவது ஐம்பது கிலோ மூட்டைகள் ஏழு. பல லட்சம் குறைந்த விலையில் வரும் கேம்பர் இதைவிட அதிகம் ஏற்றும். உருவத்தைப் பார்த்துச் சுமையைக் கணிக்கக் கூடாது. மிகைச் சுமைக்கு 2019 திருத்தத்துக்குப் பின் அபராதம் ரூ.20,000, அதன்மேல் கூடுதலாகும் ஒவ்வொரு டன்னுக்கும் ரூ.2,000.

மூட்டையைவிடக் கவலை தருவது மனிதர்கள். பின்தளத்தில் ஆட்களை ஏற்றுவது நம் கிராமங்களில் அன்றாடக் காட்சி. 2024 மே 20 அன்று சத்தீஸ்கரின் கபீர்தாம் மாவட்டத்தில், பீடி இலை பறித்துவிட்டுத் திரும்பிய பழங்குடித் தொழிலாளர்களை ஏற்றிவந்த பிக்கப் பள்ளத்தில் கவிழ்ந்து 19 பேர் உயிரிழந்தனர். அவர்களில் ஒருவரைத் தவிர அனைவரும் பெண்கள். பின்தளத்தில் இருக்கை இல்லை, பெல்ட் இல்லை, கூரை இல்லை. சரக்கு வாகனத்தில் இலவசமாக ஏற்றிச் செல்லப்பட்டவர்களுக்கு இழப்பீடு வழங்கும் பொறுப்பு காப்பீட்டு நிறுவனத்துக்கு இல்லை என்பது, ஆஷா ராணி வழக்கில் உச்ச நீதிமன்றம் வகுத்த நிலைப்பாடு. தோட்டத்தில் இருந்து நான்கு வேலையாட்களை ‘பக்கத்தில்தானே’ என்று பின்னால் ஏற்றிக்கொள்ளும் உரிமையாளர், அந்த நான்கு குடும்பங்களின் பொறுப்பையும் தானே ஏற்கிறார்.

பாதுகாப்பு மதிப்பீட்டிலும் இந்த இரட்டைத் தன்மை தெரிகிறது. 2023 அக்டோபரில் தொடங்கிய பாரத் என்கேப் மோதல் சோதனைத் திட்டம், 3.5 டன்னுக்கு உட்பட்ட பயணிகள் வாகனங்களுக்கானது. சரக்கு வாகனப் பிரிவில் வரும் இரட்டைக் கேபின்களில் ஐந்து பேர் அமர்ந்தாலும் அவை அத்திட்டத்துக்குள் வருவதில்லை. கேம்பரைப் பரிந்துரைக்கும்போது இக்குறையைச் சொல்லாமல் விட முடியாது. குழந்தைகளோடு நெடுஞ்சாலைப் பயணம் அடிக்கடி உண்டென்றால், சொகுசைவிட இதுவே வெள்ளை போர்டு பிக்கப்பின் பக்கம் தராசைச் சாய்க்கும் வலுவான காரணம். காலியாக இருக்கும்போது பின் சக்கரங்களில் பாரம் குறைவதால், மழை பெய்த மலைப்பாதையில் வால்பகுதி சறுக்க வாய்ப்புண்டு. ஆகவே விலை குறைந்த இரு சக்கர இயக்க வகையை எடுப்பவர்கள், மின்னணு நிலைத்தன்மைக் கட்டுப்பாடு அதில் இருக்கிறதா என்று உறுதி செய்துகொள்வது அவசியம்.

இரண்டாவது வண்டி என்னும் மாற்று

இத்தனை யோசித்த பிறகு, பழைய வழி ஒன்றையும் எடைபோட்டுப் பார்க்கலாம். குடும்பத்துக்கு ஒரு சாதாரண எஸ்யூவி. சரக்குக்கு வாடகை வண்டி. 2005-இல் டாடா ஏஸ் வந்தது முதல் சிறு நகரங்களில்கூட ஒரு தொலைபேசி அழைப்பில் சுமை வண்டி வந்து நிற்கிறது. பெரிய பிக்கப்புக்கும், குடும்பத்துக்குப் போதுமான எஸ்யூவிக்கும் விலை வித்தியாசம் ரூ.10 லட்சம் என்று கொள்வோம். சுமை வண்டிக்கு ஒரு நடைக்கு ரூ.2,500 வீதம் மாதம் நான்கு நடை என்றால் ஆண்டுக்கு ரூ.1.20 லட்சம். மிச்சமாகும் பத்து லட்சத்தில் எட்டு ஆண்டுகளுக்கு மேல் வாடகை கொடுக்கலாம். அந்தப் பணத்துக்கான வட்டியை இதில் சேர்க்கவே இல்லை. மாதம் பதினைந்து நடை என்றால் கணக்கு தலைகீழாகும். ஆனால் அந்த அளவுக்குச் சுமை ஏற்றுபவருக்கு வேண்டியது மஞ்சள் போர்டுதான் என்பதை மேலே பார்த்தோம். இடைப்பட்ட சிறு வட்டத்தில் இருப்பவர்களுக்கே, அதாவது சாலையில்லாத எஸ்டேட்டுக்குத் தானே ஓட்டிச் செல்ல வேண்டியவர்கள், வாடகை வண்டி ஏற மறுக்கும் மலையோரத்தில் வாழ்பவர்கள், கனமில்லாத ஆனால் காருக்குள் அடங்காத பொருள்களோடு பயணிப்பவர்கள் ஆகியோருக்கே, வெள்ளை போர்டு பிக்கப் உண்மையிலேயே பொருந்துகிறது. அவர்களுக்கு அதைவிடச் சிறந்த வண்டி இல்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

தலைநகர் வட்டாரத்தில் வசிப்பவர்கள் எரிபொருளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கு விற்கப்படும் பெரிய பிக்கப்கள் இரண்டுமே டீசல். டெல்லி தேசியத் தலைநகர் பகுதியில் பத்து ஆண்டு கடந்த டீசல் வாகனங்களுக்கான தடையை 2018-இல் உச்ச நீதிமன்றம் நிலைநிறுத்தியது. 2025 ஆகஸ்டில் நடவடிக்கைகளை நிறுத்திவைத்த அதே நீதிமன்றம், பின்னர் அப்பாதுகாப்பை பி.எஸ்.-4 மற்றும் அதற்கு மேற்பட்ட வாகனங்களுக்கு மட்டும் என்று சுருக்கியது. புதிய வண்டி வாங்குவோருக்கு இப்போதைக்கு ஆறுதல்தான். ஆனால் முப்பது லட்சம் கொடுத்துப் பதினைந்து ஆண்டு ஓட்ட நினைப்பவர் பார்க்க வேண்டியது இப்போதைய நிலையை மட்டுமன்று.

நிறுவனங்களின் பக்கம் அசைவு தெரிகிறது. ஸ்கார்பியோ-என் அடித்தளத்தில் ‘குளோபல் பிக் அப்’ என்ற மாதிரி வண்டியை 2023 ஆகஸ்ட் 15 அன்று மஹிந்திரா கேப்டவுனில் காட்டியது. புதிய தலைமுறை ஹைலக்ஸை டொயோட்டா 2025 நவம்பரில் பாங்காக்கில் அறிமுகப்படுத்தியது. அதில் மின்கல வகையும் உண்டு. வண்டிகள் மாறிக்கொண்டிருக்கின்றன. சொந்த விளைபொருளையோ சொந்தத் தொழிலின் கருவிகளையோ ஏற்றிச் செல்லும் தனியார் பிக்கப்புக்கென ஒரு தனிப் பதிவு வகையும், அதற்கேற்ற காப்பீட்டுக் கட்டணமும் வகுக்கப்பட்டால் இந்தச் சந்தை பெருகும். விவசாயியும் இழப்பீட்டு அச்சமின்றி ஓட்டுவார். சாலைப் போக்குவரத்து அமைச்சகமும் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை அது.

அதுவரை, முன்பணம் கட்டுவதற்கு முன்னரே காப்பீட்டு நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேட்டுப் பெற வேண்டிய பதில் ஒன்று உண்டு: ‘என் தோட்டத்து விளைச்சலை இவ்வண்டியில் ஏற்றிச் செல்லும்போது விபத்து நேர்ந்தால் இழப்பீடு தருவீர்களா?’ வாய்மொழியாக ஷோரூம் ஊழியர் தரும் ‘ஆமாம் சார்’ இதற்குப் பதிலாகாது.